யார் குடித்த பெட்ரோல்

அந்தக் கார் என் ஷெட்டுக்குள் வரும்போதே தெரிந்துவிட்டது, அதற்கு மூச்சு விட முடியவில்லை என்று. டிரைவர் ஆக்சிலேட்டரை மிதிக்கிறார், சத்தம் வருகிறது, வண்டி நகர யோசிக்கிறது. பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற ரோட்டில் என் ஒர்க்‌ஷாப். வாசலில் சின்னதாக ஒரு ஏற்றம் உண்டு. நல்ல வண்டிகள் அதைக் கண்டுகொள்வதே இல்லை. இது முதல் கியரில் முக்கி முனகி ஏறி, நிழலுக்கு வந்ததும் தானாகவே அணைந்துபோனது.

முன் சீட்டிலிருந்து முதலாளி இறங்கினார். செந்துறைப் பக்கம் நிலபுலன் உள்ளவர், முந்திரிக் காடும் உண்டு. நாற்பதைத் தாண்டியிருப்பார். என்னைப் பார்த்தார், எனக்குப் பின்னால் பார்த்தார், ஷெட்டின் மூலை வரைக்கும் பார்த்தார்.

"மெக்கானிக் இல்லீங்களா?"

"நான்தாங்க மெக்கானிக். சொல்லுங்க."

இந்தக் கேள்விக்கு முன்பெல்லாம் எரிந்து விழுவேன். இப்போது அந்தக் கோபத்தை வேறு நல்ல காரியங்களுக்கு மிச்சம் பிடித்து வைத்துக்கொள்கிறேன். ஆட்டோமொபைல் டிப்ளமோ முடித்து, திருச்சியில் ஒரு ஷோரூமில் சில வருடம் வேலை பார்த்து, பிறகு சொந்தமாக ஷெட் போட்டவள் நான். என்னைப் பற்றி ஊரில் இரண்டு பேச்சு உண்டு. வேலை சுத்தம் என்பது ஒன்று, வாய் ஜாஸ்தி என்பது இன்னொன்று. இரண்டையும் நான் மறுத்ததில்லை.

முதலாளி சொன்னார்: "இழுக்கவே மாட்டேங்குது. அரியலூர்ல காட்டுனோம். சைலன்சருக்கு முன்னாடி ஒரு டப்பா இருக்காமே, கன்வெர்ட்டரு, அது அடைச்சிக்கிச்சாம். அதை வெட்டி எறிஞ்சிட்டு வெறும் பைப்ப வெச்சு வெல்டு அடிச்சிட்டா பறக்கும்னாங்க. அவங்க வெல்டிங்காரன் ஊர்ல இல்ல. அதான் இங்க வந்தோம்."

"மைலேஜ்?"

"அந்தக் கதையே வேற. பாதிதான் வருது. அதுக்கு மெக்கானிக் வேணாம். பெட்ரோல் எங்க போவுதுன்னு எனக்கே தெரியும்."

சொல்லிவிட்டு டிரைவரைப் பார்த்தார். டிரைவருக்கு ஐம்பதுக்கு மேல் இருக்கும், ஒல்லியான ஆள். துடைக்க ஒன்றுமே இல்லாத பானெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் காதில் விழ வேண்டும் என்றுதான் முதலாளி அவ்வளவு சத்தமாகச் சொன்னார். எனக்கு அந்த இடத்திலேயே முதலாளியைப் பிடிக்காமல் போய்விட்டது. வாடிக்கையாளரைப் பிடிக்க வேண்டும் என்று சட்டம் ஒன்றுமில்லை, வண்டியைப் பிடித்தால் போதும்.

"வெட்டறதெல்லாம் என் ஷெட்டுல கெடையாதுங்க. மொதல்ல என்னன்னு பாக்கறேன்" என்றேன். டவுனில் ஒரு வேலை இருக்கிறது, முடித்துவிட்டு வருகிறேன் என்று அவர் ஆட்டோ பிடித்துப் போய்விட்டார்.

கன்வெர்ட்டர் என்பது கெட்ட பொருள் இல்லை. என்ஜினிலிருந்து வரும் நச்சுப் புகை அந்த டப்பாவுக்குள் நுழையும். உள்ளே பீங்கானில் செய்த தேனடை மாதிரி நூற்றுக்கணக்கான சின்னத் துவாரங்கள். அதில் புகுந்து வெளியே வரும்போது புகையின் விஷம் பெரும்பாலும் முறிந்திருக்கும். என்ஜின் ஒழுங்காக எரித்து அனுப்பும்வரை அது பல வருடம் உழைக்கும். எரியாத பெட்ரோல் உள்ளே வந்தால்தான் ஆபத்து. அந்தப் பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரியும், சூடு எக்கச்சக்கமாக ஏறும், பீங்கான் உருகித் துவாரங்கள் அடைபடும். ஆகவே கன்வெர்ட்டர் போய்விட்டது என்று யாராவது சொன்னால் நான் கேட்கும் முதல் கேள்வி, அதைக் கெடுத்தது யார் என்பதுதான். அதைக் கேட்காமல் வெட்டி எறிகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது.

வண்டியை ஸ்டார்ட் பண்ணச் சொல்லிப் பின்னால் போய்ப் புகைக்குழாய் வாயில் கையைக் காட்டினேன். நல்ல வண்டி உள்ளங்கையைத் தள்ளும். இது மூக்கடைத்தவன் மூச்சு விடுவதுபோல் லேசாக ஊதியது. அழுகிய முட்டை வாடை வேறு. வண்டியைத் தூக்கி நிறுத்தி, ரப்பர் சுத்தியலால் கன்வெர்ட்டரைத் தட்டினேன். உள்ளே கலகலவென்று உடைசல் உருண்டது. அடைப்பு உறுதி. அரியலூர்க்காரர் அதுவரைக்கும் சரியாகத்தான் சொல்லியிருந்தார்.

கெடுத்தது யார்? முதலில் ஸ்பார்க் பிளக் மேல்தான் எனக்குச் சந்தேகம். ஒரு சிலிண்டர் ஒழுங்காக எரியாவிட்டால் பெட்ரோல் அப்படியே வெளியே வரும். கழற்றிப் பார்த்தால் ஒன்றல்ல, எல்லாமே ஒன்றுபோல் கரி பிடித்திருந்தன. ஒரு பிளக் கெட்டிருந்தால் அப்படி இருக்காது. எல்லா சிலிண்டருக்குமே தேவைக்கு மேல் பெட்ரோல் போகிறது. இது கொஞ்சம் சுவாரசியமாக இருந்தது எனக்கு.

"அண்ணே, மஞ்ச லைட்டு எரிஞ்சுதா டேஷ்போர்டுல?"

"எரிஞ்சுது தங்கச்சி. அரியலூர்ல கம்ப்யூட்டர் மாட்டிப் பாத்தாங்க. பெட்ரோல் பத்தலைன்னு காட்டுதுன்னு சொல்லி, லைட்ட அழிச்சு விட்டாங்க. அதுலேருந்துதான் ஐயாவுக்கு இன்னும் உறுதியாயிடுச்சு. கம்ப்யூட்டரே சொல்லிடுச்சு பெட்ரோல் கொறையுதுன்னு, இனிமே என்னடா பேசறேங்கறாரு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை. டார்ச்சைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் குந்தியிருந்தவர், கேட்காமலேயே சொல்ல ஆரம்பித்தார். அந்த வீட்டு வண்டியை அவர் ஓட்ட ஆரம்பித்தபோது முதலாளி பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாராம். டிரைவருடைய அப்பாவும் அந்த வீட்டு வயலில் வேலை செய்தவர். போன வாரம் பெட்ரோல் பங்கில், நாலு பேர் நிற்கும்போது, 'இனிமே நான் கூட வந்தாத்தான் இந்த வண்டிக்குப் போடணும்' என்று முதலாளி சொல்லிவிட்டார். இந்த மாதத்தோடு நின்றுகொள் என்றும் சொல்லியாகிவிட்டது.

"வேற வேல பாத்துக்கலாம் தங்கச்சி. ஓட்டத் தெரிஞ்சவனுக்கு வண்டியா இல்ல? ஊர்ல பேசறாங்க, அதுவும் போவட்டும். அன்னிக்கு வூட்ல சோறு போட்டுட்டு எம் பொஞ்சாதி கேக்கறா, 'நெசமாவே நீங்க எடுக்கலியா'ன்னு. அதான்..."

டார்ச் வெளிச்சம் கொஞ்சம் இடம் மாறியது. இந்த வேலையை அரைகுறையாகச் செய்து அனுப்புவதில்லை என்று அப்போதே முடிவு கட்டிவிட்டேன். கன்வெர்ட்டரை வெட்டி எறிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அடைப்பு போயிருக்கும், வண்டி பறந்திருக்கும், பெட்ரோல் மட்டும் அப்படியே போய்க்கொண்டிருந்திருக்கும். மெக்கானிக்கே சரிபண்ணிய பிறகும் மைலேஜ் வரவில்லை என்றால் இந்த மனிதர் ஆயுசுக்கும் திருடன்தான்.

கன்வெர்ட்டருக்கு முன்னால், என்ஜினிலிருந்து வரும் குழாயில், ஆக்சிஜன் சென்சர் என்று ஒன்று இருக்கும். புகையை மோந்து பார்த்து, பெட்ரோல் கூடவா குறையவா என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வது அதன் வேலை. அடைப்பின் அழுத்தத்தை அளக்க அந்த சென்சரைக் கழற்றிவிட்டு மீட்டரை மாட்டுவது வழக்கம். அதற்காகத்தான் கையை விட்டேன். கையில் சென்சர் அகப்படவில்லை, ஏதோ சருகு அகப்பட்டது.

இழுத்தேன். கருகிய கொடி. இன்னும் இழுத்தேன், இன்னும் வந்தது. குழாய்க்கு மேலே சூடு தடுக்கும் தகடு ஒன்று உண்டு. அந்தத் தகட்டுக்கும் வண்டியின் அடிப்பாகத்துக்கும் நடுவில் வைக்கோல் திணித்த தலையணை மாதிரி அடைந்திருந்தது. வீல் பக்கத்து அச்சில் கயிறாக முறுக்கிக்கொண்டு கிடந்தது. ஒன்றிரண்டு நெற்று உடையாமல் இருந்தன. உரித்தேன், உளுந்து.

கொடியோடு சேர்ந்து சென்சரின் வயரும் இழுபட்டுக் கீழே தொங்கி, சூடான குழாயில் பட்டு, மேல்தோல் உருகியிருந்தது. உள்ளே இருந்த செம்புக் கம்பி வண்டியின் இரும்பை உரசிக்கொண்டிருந்தது. முழுக் கதையும் எனக்கு விளங்கிவிட்டது. அந்தக் கம்பி இரும்பில் பட்டால் சென்சரின் குரல் செத்துவிடும். கம்ப்யூட்டர் அதை, பெட்ரோல் பத்தவில்லை என்று எடுத்துக்கொள்ளும். கூட ஊற்றும். இன்னும் பத்தவில்லை என்று தோன்றும், இன்னும் ஊற்றும். ஊற்றியது எரியாமல் கன்வெர்ட்டருக்குள் போய் எரியும். வண்டி தீப்பிடிக்காமல் இருந்ததே பெரிய அதிர்ஷ்டம்.

நான் கொடிகளை ஒரு பேப்பரில் பரப்பி மேசையில் வைத்தேன். டிரைவர் அதைப் பார்த்தார், உடனே கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். அதைக் கவனித்துவிட்டேன். அப்போது ஒன்றும் கேட்கவில்லை. மீட்டரை மாட்டி அழுத்தத்தை அளந்தேன், முள் எங்கேயோ போய் நின்றது. சென்சரைத் திரும்ப மாட்டி, கருகிய வயரை மட்டும் சரிபண்ணாமல் அப்படியே விட்டுவிட்டு முதலாளிக்காகக் காத்திருந்தேன்.

அவர் வந்ததும் மேசைக்குக் கூப்பிட்டேன்.

"வண்டிய உளுந்து மேல ஓட்டுனது யாருங்க?"

முதலாளி வாயைத் திறக்கும் முன்பே டிரைவர் முந்திக்கொண்டார். "நான்தான் தங்கச்சி. வர்ற வழியில ரோட்டுல போட்டிருந்தாங்க. கவனிக்காம ஏத்திட்டேன்."

முதலாளி துண்டால் கழுத்தைத் துடைத்தார். மேசையில் இருந்த கொடியைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்தார். மிச்சம் பிடித்து வைத்திருந்த கோபம் எல்லாம் அந்த இடத்தில்தான் எனக்குச் செலவானது.

எங்கள் பக்கம் இது சகஜம். அறுத்த உளுந்தையும் எள்ளையும் கொள்ளையும் தார் ரோட்டில் பரப்பிவிடுவார்கள். பஸ்ஸும் லாரியும் மேலே ஏறிப் போகப் போக, தானாகவே அடித்துக் கொடுக்கும். அப்படி ஒரு தடவை ஏறி இறங்கினால் நாலு கொடி ஒட்டிக்கொண்டு வரும், அடுத்த ஊர் வருவதற்குள் உதிர்ந்துவிடும். இப்படிக் கயிறு திரிக்காது. எங்கள் சித்தப்பா ஒரு முறை களத்தில் வேனை விட்டு உளுந்து அடித்தார். அடியில் தீப்பிடித்து, வீட்டில் இருந்த அத்தனை பேரும் மண்ணை வாரி இறைத்து அணைத்தோம். அன்றைக்கு அந்த வேனுக்கு அடியில் பார்த்த அதே கோலம்தான் இந்த வண்டிக்கு அடியிலும் இருந்தது.

"அண்ணே, நீங்க செத்த சும்மா இருங்க" என்றேன். "இது ரோட்டுல ஏத்துனது இல்ல. பரப்பி வெச்சு, மொத கியர்லயும் ரிவர்ஸ்லயும் முன்ன பின்ன, முன்ன பின்னன்னு மிதிச்சா மட்டும்தான் இப்படிச் சுத்தும்."

"சரிம்மா, சுத்துனா சுத்திட்டுப் போவுது" என்றார் முதலாளி. "அதுக்கும் பெட்ரோலுக்கும் என்ன சம்பந்தம்?"

வாயால் சொன்னால் நம்புகிற ஆள் இல்லை. ஸ்கேனரை மாட்டி வண்டியை ஸ்டார்ட் பண்ணினேன். திரையில் ஒரு எண்ணைக் காட்டினேன். வழக்கமான அளவுக்கு மேல் கம்ப்யூட்டர் எவ்வளவு பெட்ரோலைக் கூட்டி ஊற்றுகிறது என்பதைக் காட்டும் எண் அது. கருகிய வயரை இரும்பில் படாமல் விலக்கிப் பிடித்தேன். எண் மெல்ல மெல்ல இறங்கியது. திரும்ப இரும்பில் வைத்தேன். ஏற ஆரம்பித்தது, ஏறிக்கொண்டே போனது. பின்னால் புகையில் பெட்ரோல் வாடை அடித்தது.

"நீங்களே புடிச்சுப் பாருங்க" என்று கையுறையைக் கொடுத்தேன். அவரும் பிடித்தார். விலக்கினார், இறங்கியது. வைத்தார், ஏறியது. மறுபடியும் விலக்கினார். அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியதை நான் ரசித்தேன். அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

வண்டியை அணைத்துவிட்டுச் சொன்னேன்: "இந்த வயர் கருகுன நாள்லேருந்து பெட்ரோல யாரும் திருடல, வண்டியே குடிக்குது. அப்போ வயரைக் கருக வெச்சவருதான் உங்க பெட்ரோலத் தின்னவரு. இந்த அண்ணன் 'நான்தான்'ங்கறாரு. அப்படின்னா நீங்க ஊர்ல சொன்னது சரிதான் போல. திருடன் இவருதான். சரிங்களா?"

ரோட்டில் சுண்ணாம்புக் கல் லாரி ஒன்று போனது. டிரைவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். முதலாளி கையுறையைக் கழற்றினார், ஒவ்வொரு விரலாக இழுத்து, ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டு.

"அவன் ஓட்டல. நாந்தான் ஓட்டுனேன்."

நான் ஒன்றும் பேசவில்லை. என் வாழ்க்கையில் அது அபூர்வம்.

"டிராக்டர்காரன் நாளைக்கு, நாளைக்குன்னே இழுத்துட்டிருந்தான். மேகம் கட்டிக்கிட்டு வந்துச்சு. நனைஞ்சா மொத்தமும் போயிரும். இவன் வூட்டுக்குப் போயிட்டான். நானே எடுத்து ஓட்டிட்டேன்." பிறகு டிரைவர் பக்கம் திரும்பினார். "ஒனக்குத் தெரியுமாடா இது?"

"காலைல வந்து பாத்தேங்கய்யா. கைக்கு எட்டுன கொடிய இழுத்துப் போட்டேன்."

"ஏன் சொல்லல?"

"கார்ல உளுந்து அடிச்சீங்கன்னு வெளிய தெரிஞ்சா உங்களுக்குத்தான அசிங்கம். அதான்."

முதலாளி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். தன்னுடைய மானத்தை இந்த மனிதர் மூடி வைத்திருந்த அதே நாட்களில், இவருடைய மானத்தைத் தான் பங்கில் நின்று ஏலம் போட்டுக்கொண்டிருந்தோம் என்பது அவருக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கட்டும் என்று நான் ஸ்பேனர்களை எடுத்துத் துடைத்து வைத்தேன்.

வண்டியை என்னிடம் விட்டுவிட்டு இருவரும் பஸ்ஸில் போனார்கள். கன்வெர்ட்டர் திருச்சியிலிருந்து வந்தது. பழையதைக் கழற்றி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். நல்ல கன்வெர்ட்டர் என்றால் அந்தப் பக்கம் தெரிய வேண்டும். இதில் நடுப்பகுதி உருகிக் கட்டியாகிக் கிடந்தது. புதியதை மாட்டினேன். சென்சரையும் புதிதாகப் போட்டு, வயரைக் குழாய்க்குப் பக்கத்திலேயே போகாமல் சுற்றி எடுத்துப் போய், இரண்டு இடத்தில் கிளிப் போட்டு இறுக்கினேன். தகட்டுக்கு மேலே இருந்த கடைசித் தும்பு வரைக்கும் காற்றடித்து வெளியே எடுத்தேன். பிளக்குகளை மாற்றி, ஆயிலையும் மாற்றினேன், அதிலும் பெட்ரோல் கலந்திருந்தது. பிறகு நானே ஓட்டிப் பார்த்தேன். அரியலூர் ரயில்வே மேம்பாலத்தில் மூன்றாவது கியரிலேயே ஏறியது. திரும்பி வந்து ஸ்கேனரில் பார்த்தால் எண் ஒழுங்காக அடக்க ஒடுக்கமாக நின்றது. எனக்கு என்னைப் பற்றி நல்ல அபிப்பிராயம் எப்போதுமே உண்டு, அன்றைக்கு இன்னும் கொஞ்சம் கூடியது.

வண்டியை எடுக்க இருவரும் வந்தார்கள். டிரைவர் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து சாவியை முதலாளியிடம் கொடுத்துவிட்டு, "எறும்பு மாதிரி சத்தமே இல்லாம ஏறுது தங்கச்சி" என்றார். முதலாளி பழைய கன்வெர்ட்டரைக் காலால் லேசாக உருட்டிப் பார்த்தார்.

"இனிமே உளுந்துக்கு டிராக்டரே சொல்லிருங்க" என்றேன்.

"அதான் பட்டாச்சே, விடும்மா" என்றார். குரலில் பழைய மிடுக்கு பாதிதான் இருந்தது. பிறகு டிரைவரிடம் சாவியை நீட்டினார். "எடுடா, போலாம். பங்குல நானே சொல்லிக்கறேன். இந்த மாசத்தோட நின்னுக்கங்கற பேச்செல்லாம் வேணாம். நீதான் ஓட்டற."

டிரைவர் சாவியை வாங்கவில்லை. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். வீட்டு நம்பரைப் போட்டு அவரிடம் நீட்டினார்.

"பங்குல சொல்லாட்டியும் பரவால்லீங்கய்யா. எம் பொஞ்சாதிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்க."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்க்கவில்லை. அவர் போனை வாங்கினார். பழைய போன், அந்தப் பக்கத்துப் பேச்சு எனக்கும் நன்றாகவே கேட்டது.

"நாந்தாம்மா பேசறேன்... ஆமா, பெரம்பலூர்லேருந்துதான்... வண்டிலதாம்மா கோளாறு. அதுவும் நான் பண்ணி வெச்ச கோளாறு. ஒன் வூட்டுக்காரன் ஒரு சொட்டு எடுக்கல. நான் தப்பாப் பேசிட்டேன்."

அந்தப் பெண்ணின் குரல், நிமிர்ந்து, தெளிவாக வந்தது.

"அது எனக்குத் தெரியுங்கய்யா. அவரு எடுக்க மாட்டாருன்னு நான் மொத நாளே சொன்னனே. எங்க வூட்ல யாரும் ஒரு நிமிசம் கூட சந்தேகப்படலீங்க."

முதலாளி தலையை ஆட்டிக்கொண்டே போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, போய் வண்டியில் உட்கார்ந்தார். டிரைவர் போனைப் பையில் போட்டுக்கொண்டு, என் பக்கமாகக் குனிந்து மெதுவாகச் சொன்னார்.

"பொய் சொல்றா தங்கச்சி."

சொல்லிவிட்டு, கண்ணைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் சிரித்துக்கொண்டே நின்றார்.